தீர்ப்பு நகலில் லத்தீன் வந்தால்: புதிதாக வருகிறவர்களுக்கு

சட்டக் கல்லூரி முதல் வருட மாணவர்கள், சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் புது வக்கீல்கள், தங்கள் சொந்த வழக்கின் உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் கட்சிக்காரர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இந்த லத்தீன் சொற்களை எங்கே தொடங்கிப் படிப்பது? பெரும்பாலானவர்கள் இணையத்தில் ஒரு நீளமான பட்டியலை எடுத்து வரிசையாக மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அது வேண்டாம். அந்தப் பட்டியலில், முப்பது நாள் சும்மா இருந்தால் வீடே கைவிட்டுப் போகக்கூடிய ஒரு சொல்லும், வெறுமனே ‘மற்றவற்றோடு’ என்று பொருள்படும் ஒரு சொல்லும் அடுத்தடுத்து நிற்கும். எது அவசரம், எது அலங்காரம் என்று பட்டியல் சொல்லாது. அந்தச் சொல் உங்கள் வழக்கில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் படித்தால் சொல்லும் நினைவில் நிற்கும், செய்ய வேண்டியதும் தெரியும்.

நான் எழுதுவது இந்திய நீதிமன்றங்களை, அதிலும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களை வைத்து. இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டம் வழியாக வந்த லத்தீன் தனியாக நிறைய உண்டு, அதை இங்கே தொடவில்லை. நமக்கு இந்தச் சொற்கள் வந்தது இங்கிலாந்து வழியாக. அங்கே 1733 வரை நீதிமன்றப் பதிவேடுகளே லத்தீனில்தான் எழுதப்பட்டன. அதன் பிறகு பதிவேடு ஆங்கிலத்துக்கு மாறியது, ஆனால் பழகிப்போன சொற்கள் தங்கிவிட்டன, கம்பெனி ஆட்சியோடு சென்னைக்கும் வந்தன.

படி 1: உங்கள் கையில் இருக்கும் தாளில் தொடங்குங்கள்

ஒரு உத்தரவு நகலை எடுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். சாய்வெழுத்தில் இருப்பவை பெரும்பாலும் லத்தீன்தான், ஆனால் கேவியட், அஃபிடவிட், அலிபி மாதிரி ஊறிப்போன சொற்களைச் சாய்வெழுத்தில் போட மாட்டார்கள், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு வட்டத்துக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இது என் வழக்கின் நிலையைச் சொல்கிறதா? நான் கேட்கும் நிவாரணத்தைச் சொல்கிறதா? அல்லது நீதிபதி எப்படி யோசித்தார் என்பதைச் சொல்கிறதா?

மூன்றிலும் அடங்காதது வாக்கியத்தை நிரப்புகிற சொல். ‘இன்டர் அலியா’ என்றால் மற்றவற்றோடு. ‘சுப்ரா’ என்றால் மேலே சொன்ன. ‘இன்ஃப்ரா’ என்றால் கீழே வருகிற. ‘விஸ்.’ என்றால் அதாவது. இவற்றுக்கு ஒரு மாலை நேரம் போதும், இவற்றால் யாருக்கும் கேஸ் தோற்காது.

படி 2: தேதி ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்களை முதலில் பிடியுங்கள்

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்லும் படி இதுதான்.

‘எக்ஸ் பார்ட்டி’. பொருள் ‘ஒரு தரப்பிலிருந்து’. கோர்ட் வளாகத்தில் ‘கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சம்மன் வந்தும் ஆஜராகாத பிரதிவாதி இல்லாமலேயே வழக்கு நடக்கிறது என்று அர்த்தம். இதில் இரண்டு கட்டம் இருக்கிறது, புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவார்கள். பிரதிவாதியை எக்ஸ் பார்ட்டி என்று குறித்திருக்கிறார்கள், ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை என்றால், வராததற்குத் தகுந்த காரணம் காட்டி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை 7-ஆம் விதியின்படி உள்ளே வந்துவிடலாம். தீர்ப்பாணையே வந்துவிட்டால் 13-ஆம் விதியின்படி அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட வேண்டும். அதற்குக் காலக்கெடு 30 நாள். இந்த 30 நாள் தீர்ப்பாணைத் தேதியிலிருந்து ஓடும். சம்மனே முறையாகக் கிடைக்கவில்லை என்றால், விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஓடும். அதனால் எப்படித் தெரியவந்தது, அமீனா வந்தாரா, நிறைவேற்று மனு நோட்டீஸ் வந்ததா என்று தேதியோடு எழுதி வைத்துவிட்டுத்தான் வக்கீலைப் பார்க்கப் போக வேண்டும். நாள் கடந்திருந்தாலும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் மனு உண்டு, ஆனால் ஒவ்வொரு வாரம் கூடக்கூட அது கடினமாகிக்கொண்டே போகும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்பதற்காக யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அதே சொல் இன்னொரு இடத்திலும் வரும். ‘எக்ஸ் பார்ட்டி ஆட் இன்டரிம்’ உத்தரவு என்றால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே கொடுத்த தற்காலிகத் தடை. இதில் யாரும் ஆஜராகத் தவறவில்லை, அவசரம் என்று கோர்ட் நினைத்ததால் அப்போதைக்குக் கொடுத்தது. இப்படித் தடை கொடுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், 30 நாளுக்குள் அந்த மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் மேல் இப்படி ஒரு தடை வந்தால் ‘தோற்றுவிட்டோம்’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள், உங்கள் பக்கத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறீர்கள்.

‘கேவியட்’. ‘அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்பது நேர்ப்பொருள். பெரிய வழக்கில் தீர்ப்பு வந்த மறுநாள் ‘உச்ச நீதிமன்றத்தில் கேவியட் மனு தாக்கல்’ என்று செய்தி வரும் அல்லவா, அதேதான். எதிர்த்தரப்பு எனக்கு எதிராக ஏதாவது உத்தரவு கேட்டு வந்தால் என்னையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே போட்டு வைப்பது. சாதாரண உரிமையியல் வழக்குகளுக்கு இது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவில் இருக்கிறது. மனுப் போட்டதைப் பதிவுத் தபாலில் எதிர்த்தரப்புக்கும் தெரிவிக்க வேண்டும். 90 நாள்தான் உயிர். தொண்ணூற்றோராவது நாள் எதிர்த்தரப்பு வந்து தடை வாங்கிப் போனால் கேட்க வழியில்லை, அதனால் காலண்டரில் குறித்து வைத்துப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் இன்னொன்று: கேவியட் போட்டால் எதிர்த்தரப்பு வழக்கே போட முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். முடியும். நமக்குத் தகவல் வரும், அவ்வளவுதான்.

‘லிஸ் பெண்டென்ஸ்’, நிலுவையில் இருக்கும் வழக்கு. நிலம் வாங்கப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இது, வக்கீல்களுக்கு மட்டுமே உரியது என்று விட்டுவிட்டோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஒரு சொத்து மேல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அதை வாங்குகிறவரையும் அந்த வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும். ‘எனக்குத் தெரியாது, நம்பி வாங்கினேன், முழுப் பணமும் கொடுத்தேன்’ என்பது இங்கே உதவாது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பதால் வழக்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விற்பவர் பெயரையும், முடிந்தால் அவருடைய பங்காளிகள் பெயரையும் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த மாவட்டத்தில் தேடுங்கள். பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

‘ஸ்டேட்டஸ் கோ’, இப்போது இருக்கும் நிலை. இந்த உத்தரவு வந்த அன்றே இடத்துக்குப் போய்ப் படமெடுத்து வையுங்கள்: வேலி எங்கே, பூட்டு யாருடையது, கட்டுமானம் எந்த உயரத்தில். ‘நிலை’ என்ன என்பதே பிறகு சண்டையாகும். மீறினால் சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை என்று அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளையில் இருக்கிறது. ‘சைனி டை’ என்றால் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு. வாய்தா தேதி இல்லை என்பதால் கட்டைப் பரணில் போட்டுவிடாமல் அவ்வப்போது வழக்கின் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ரிட் மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரிட் என்றால் அரசுக்கோ அதிகாரிக்கோ உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ போடும் ஆணை. அதன் வகைகளான ஐந்து லத்தீன் பெயர்கள் நம் அரசியலமைப்பிலேயே, 32, 226 ஆகிய உறுப்புகளில், எழுதப்பட்டிருக்கின்றன. 1950-க்கு முன்பு இந்த ரிட் அதிகாரம் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று உயர் நீதிமன்றங்களுக்குத்தான் இருந்தது. அரசியலமைப்பு வந்த பிறகுதான் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் கிடைத்தது.

‘ஹேபியஸ் கார்பஸ்’, நம் செய்தித்தாள்கள் சொல்லும் ஆட்கொணர்வு மனு. ஆளை என் முன் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டத்தில் அடைத்து வைத்திருக்கிறாய் என்று சொல், என்பது இதன் உள்ளடக்கம். அடைபட்டவரே போட வேண்டும் என்பதில்லை, மனைவி, தாய், நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில், அதாவது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தில், அடைக்கப்படுகிறவர்களுக்கு இது மிகப் பெரிய துணை, ஏனென்றால் அந்தச் சட்டத்தில் விசாரணை இல்லாமலேயே 12 மாதம் வரை வைத்திருக்கலாம். இந்த மனுவில் ‘அவர் நல்லவர்’ என்று வாதாடிப் பயனில்லை. கொடுத்த ஆவணங்கள் படிக்கவே முடியாத நகல்களா, ஆங்கிலத் தாள்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கொடுத்தார்களா, குடும்பம் அனுப்பிய முறையீட்டை அரசு எத்தனை நாள் கிடப்பில் போட்டது, இவைதான் பார்க்கப்படும். அதனால் முறையீடு அனுப்பிய தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். காணாமல் போனவருக்கும் இந்த மனுப் போடுவார்கள், ஆனால் யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்புவதற்கு ஏதாவது அடிப்படை காட்ட வேண்டியிருக்கும்.

இந்த ஒரு சொல்லுக்காகவாவது சட்டம் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், அந்தக் காலத்தில் காவலில் இருப்பவர் ஹேபியஸ் கார்பஸ் கேட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். 1977-இல் அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார். 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த 1976 தீர்ப்பைத் தவறு என்று ஒதுக்கியது. ஒதுக்கி எழுதிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட், 1976-இல் பெரும்பான்மையோடு நின்ற நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

‘மாண்டமஸ்’, ‘உத்தரவிடுகிறோம்’. அரசு அதிகாரி செய்ய வேண்டிய சட்டக் கடமையைச் செய்ய வைப்பது. இதற்கு ஒரு முன்வேலை இருக்கிறது. முதலில் அந்த அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, அவர் மறுத்தார் அல்லது பதிலே தரவில்லை என்று காட்ட வேண்டும். பட்டா மாறுதலுக்கு விண்ணப்பமே போடாமல் நேராக உயர் நீதிமன்றம் போனால் திருப்பி அனுப்புவார்கள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், நகல், தேதி. இந்த மூன்றும்தான் உங்கள் மாண்டமஸ் மனுவின் முதுகெலும்பு.

‘செர்ஷியோரரை’ என்றால் பதிவேடுகளை வரவழைத்துப் பார்த்து, தவறான உத்தரவை ரத்து செய்வது. நடைமுறையில் ரத்து மட்டும் யாருக்கும் போதாது, ரத்து செய்துவிட்டு எனக்கு வேலையைத் திருப்பிக் கொடு, உரிமத்தைக் கொடு என்று கேட்க வேண்டும். அதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழங்கும் பெயர் ‘செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்’. லத்தீன் அகராதியில் இதைத் தேடிக் கண் வலிக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்துக் கட்டிய கோர்ட் பேச்சுவழக்குச் சொல் அது. கோரிக்கைப் பத்தி ஏறக்குறைய இப்படித்தான் போகும்: இன்ன தேதியிட்ட உத்தரவு தொடர்பான பதிவேடுகளை வரவழைத்து, அதை ரத்து செய்து, அதன் தொடர்ச்சியாக இன்னதைச் செய்யும்படி எதிர்மனுதாரருக்கு உத்தரவிட வேண்டும். முதல் பாதி செர்ஷியோரரை, பின்பாதி மாண்டமஸ். எந்த உத்தரவையும் எதிர்க்காமல் செயலை மட்டும் கேட்டால் மாண்டமஸ் போதும். ஜூனியர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் வரைவு எழுதும்போது பாதி திருத்தம் குறையும்.

‘ப்ரொஹிபிஷன்’ அதிகாரம் இல்லாமல் நடக்கும் விசாரணையை நடுவிலேயே நிறுத்துவது. இது அபூர்வமாகத்தான் வரும்.

‘கோ வாரண்டோ’, எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் இருக்கிறாய் என்று கேட்பது. இதற்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2001 மே மாதம் ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்றபோது டான்சி வழக்கில் தண்டனை பெற்றிருந்ததால் தேர்தலில் நிற்கும் தகுதியை இழந்திருந்தார். சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற ஏற்பாடு தகுதி இழந்தவருக்கும் பொருந்துமா என்பது கேள்வி. பொருந்தாது என்று சொல்லி, அதே ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தைச் செல்லாது என்றது. ஓ. பன்னீர்செல்வம் முதல் முறை முதலமைச்சரானது அப்படித்தான். ஒரு பொதுப் பதவியில் தகுதியில்லாதவர் இருக்கிறார் என்றால், நேரடியாகப் பாதிக்கப்படாத குடிமகனும் இந்தக் கேள்வியைக் கேட்டு வழக்குப் போடலாம்.

படி 4: நீதிபதி எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்று பாருங்கள்

ஜாமீன் உத்தரவில் ‘ப்ரைமா ஃபேசி வழக்கு இருக்கிறது’ என்று ஒரு வரி வந்தால் வீட்டில் எல்லாரும் இடிந்துபோகிறார்கள், குற்றம் நிரூபணம் ஆகிவிட்டது என்று நினைத்து. முதல் பார்வைக்கு அப்படித் தெரிகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சாட்சி விசாரணை முழுக்க மிச்சம் இருக்கிறது, ஜாமீன் உத்தரவில் சொன்னது விசாரணை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. கட்சிக்காரருக்கு இதை நிதானமாக எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

முன்தீர்ப்புகளைப் படிக்கும்போது ‘ரேஷியோ டெசிடெண்டை’, ‘ஓபிடர் டிக்டா’ இரண்டையும் பிரிக்கத் தெரிய வேண்டும். தீர்ப்பு எந்தக் காரணத்தின் மேல் நிற்கிறதோ அது ரேஷியோ, அது கட்டுப்படுத்தும். போகிற போக்கில் சொன்னது ஓபிடர். கண்டுபிடிக்க ஒரு வழி: அந்தப் பத்தியை நீக்கிவிட்டுப் பாருங்கள். முடிவு அப்படியே நிற்கிறதா? அப்படியென்றால் அது ஓபிடர். உச்ச நீதிமன்றத்தின் ஓபிடருக்கும் மதிப்பு உண்டு, தூக்கிப் போட முடியாது, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே ரேஷியோ மாதிரி வாசித்தால் எழுந்து சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

‘இன் லிமினி’, வாசலிலேயே தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் ஒரு சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் இப்படித் தள்ளினால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2000-இல் குன்ஹயம்மது வழக்கில் இது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மேல்முறையீட்டைக் கேட்க அனுமதி இல்லை என்பதோடு சரி.

‘சூமோட்டோ’ என்றால் யாரும் மனுப் போடாமல் நீதிமன்றம் தானாகவே எடுப்பது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது மதுரைக் கிளை அப்படித்தான் கையில் எடுத்தது. இப்படிப்பட்ட வழக்கில் ‘அமிகஸ் க்யூரி’ என்று ஒரு வக்கீலை நியமிப்பார்கள், அவர் எந்தத் தரப்புக்கும் வக்கீல் இல்லை, நீதிமன்றத்துக்கு உதவுகிறவர்.

‘ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்’, மறுதரப்பையும் கேள். உரிமம் ரத்து, பணிநீக்கம், ரேஷன் கார்டு ரத்து என்று எந்த உத்தரவு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்ததா, பதில் சொல்லப் போதிய நாள் கொடுத்தார்களா, நீங்கள் சொன்ன பதிலை உத்தரவில் ஒரு வரியாவது பரிசீலித்திருக்கிறார்களா என்பதுதான். மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணமும் சொல்லாமல் முடக்கியதில்தான் இந்தக் கொள்கையை வலியுறுத்திய 1978-இன் பெரிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பிறந்தது.

படி 5: நீங்கள் எழுதும்போது

உச்சரிப்பு பற்றிப் பயப்படாதீர்கள். நம் நீதிமன்றங்களில் லத்தீனை ஆங்கில வாய்வழக்கில்தான் சொல்கிறார்கள், ரோமாபுரி உச்சரிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் கோர்ட் ஹாலில் மூத்தவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பின்பற்றினால் சரி.

எழுத்தில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் சில சொற்கள் நிரூபிக்கும் பொறுப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். அதிகாரி ‘மாலா ஃபைடி’யாக, கெட்ட எண்ணத்தோடு நடந்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டால், என்ன பகை, எப்போதிலிருந்து, என்ன நடந்தது என்று விவரம் கொடுக்க வேண்டும், அந்த அதிகாரியைப் பெயரோடு எதிர்மனுதாரராகச் சேர்க்கவும் வேண்டும். சேர்க்காமல் எழுதினால் நீதிமன்றம் அதைக் கண்டுகொள்ளாது. ‘அலிபி’, அதாவது சம்பவ நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்றால், அதைக் காட்டும் பொறுப்பு சொல்கிறவர் மேல். ‘ரெஸ் ஜூடிகேட்டா’, ஏற்கெனவே தீர்ந்த வழக்கு என்று தடை எழுப்பினால், பழைய வழக்கின் பிராதையும் எதிர்வழக்குரையையும் தீர்ப்பையும் தாக்கல் செய்து பிரச்சினை அதேதான் என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இந்த ஆதாரமெல்லாம் கையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

மற்ற இடங்களில் எளிய சொல் போதும். லத்தீனைக் கொடுத்த இங்கிலாந்தே 1999-இல் புது உரிமையியல் விதிகள் கொண்டுவந்தபோது ‘எக்ஸ் பார்ட்டி’யை ‘அறிவிப்பின்றி’ என்று மாற்றிக்கொண்டது. 2004-இல் மாண்டமஸ், ப்ரொஹிபிஷன், செர்ஷியோரரை மூன்றுக்கும் எளிய ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டது. ஹேபியஸ் கார்பஸை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. நம் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் எழுத வழி இருக்கும்போது, ‘ஒருதரப்புத் தீர்ப்பாணை’ என்று எழுதினால் கட்சிக்காரரும் படித்துப் புரிந்துகொள்வார். ரிட் பெயர்களை மட்டும் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பில் உள்ளபடியே எழுதுங்கள்.

படி 6: பழகுவதற்கு

உச்ச நீதிமன்றத் தளத்தில் பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. உங்களுக்கு ஆர்வமான வழக்கு ஒன்றை எடுத்து, ஆங்கில மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, லத்தீன் வரும் பத்திகளை மட்டும் ஒப்பிட்டுப் படியுங்கள். வாரம் ஒரு தீர்ப்பு போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தச் சட்டப் பிரிவில் நிற்கிறது, என்ன காலக்கெடு, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும். பிரிவு எண் கிடைக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த கொள்கையாக இருக்கும், அப்போது அதைச் சொன்ன ஒரு வழக்கின் பெயரையாவது எழுதி வையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு படித்துப் புரிந்துகொள்ள மட்டும்தான். மேல்முறையீட்டுக்கோ நிறைவேற்றத்துக்கோ செல்லுபடியாவது ஆங்கில மூலம் என்பதால், தாக்கல் செய்ய அதன் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போட்டுவிடுங்கள்.